கைத்திறனுக்கு மதிப்பெண் உண்டா?

புது தில்லி: பள்ளிக்கூடம் செல்லாத கொத்தனார் ஒருவர் தூக்குக்குண்டு பிடித்துச் சுவரின் நேரைச் சரிபார்க்கிறார். மணலும் சிமென்டும் எந்த அளவில் சேர வேண்டும் என்பதைக் கலவையின் பதம் பார்த்தே சொல்லிவிடுகிறார். அவர் கற்றவரா, கல்லாதவரா? அரசுப் பதிவேட்டில் அவர் "எழுத்தறிவற்றவர்". 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் இத்தகையோர் 25.76 கோடி பேர். அவர்களுள் 16.68 கோடிப் பேர் பெண்கள்.

அறிவு என்பது ஒரே வகையானதன்று என்ற கருத்தை, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியல் அறிஞர் ஹோவர்டு கார்ட்னர் 1983-ல் வெளியிட்ட நூலில் முன்வைத்தார். மொழியறிவு, கணித அறிவு ஆகியவற்றோடு இடவெளியை உணரும் அறிவு, உடலியக்க அறிவு, பிறர் மனத்தை அறியும் அறிவு என ஏழு வகைகளை அவர் பட்டியலிட்டார். இதற்குப் போதிய ஆய்வுச் சான்று இல்லை என்று உளவியலாளர் பலர் மறுத்துள்ளனர். ஆயினும், பள்ளித் தேர்வு அளப்பது மனிதத் திறனின் ஒரு பகுதியையே என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

ஐந்தில் ஒன்று

மத்திய அரசும் இதை அறியாமல் இல்லை. 1978 அக்டோபர் 2-ல் தொடங்கிய தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம், எழுத்தறிவுடன் தொழில்திறனையும் சமூக விழிப்புணர்வையும் தன் நோக்கங்களாக அறிவித்தது. ரூ. 1,037.90 கோடி மதிப்பீட்டில் 2022-ல் ஒப்புதல் பெற்ற புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 5 கூறுகளைக் கொண்டது. அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் முதற்கூறு. வாழ்க்கைத் திறன், தொழில்திறன், அடிப்படைக் கல்வி, தொடர்கல்வி ஆகியவை ஏனையவை.

ஆனால் தேர்வு என்று வரும்போது வாசித்தலுக்கு 50, எழுதுதலுக்கு 50, எண்ணறிவுக்கு 50 என மொத்தம் 150 மதிப்பெண்கள். சொல்லப்பட்ட ஐந்து கூறுகளில் அளக்கப்படுவது ஒன்று மட்டுமே.

பழகிக் கற்ற திறனுக்குச் சான்று வழங்கும் வழி வேறோர் இடத்தில் இருக்கிறது. 2015-ல் தொடங்கப்பட்ட பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் "முன்கற்றலுக்கு அங்கீகாரம்" என்ற பிரிவு உண்டு. வேலையிலேயே தொழில் கற்றவரை மதிப்பிட்டுச் சான்றிதழ் அளிப்பது அதன் பணி. எழுத்தறிவுத் திட்டம் கல்வி அமைச்சகத்தின் பொறுப்பு; இதுவோ திறன் மேம்பாட்டு அமைச்சகத்தின் பொறுப்பு. ஒரே தொழிலாளியின் அறிவை இரண்டு அமைச்சகங்கள் இரு வேறு தராசுகளில் நிறுக்கின்றன.

கூலியில் தெரியும் வேறுபாடு

இது வெறும் கல்வியாளர் விவாதமன்று. 2019-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும்போது திறனற்றவர், பகுதித் திறனாளர், திறனாளர், உயர்திறனாளர் என்ற பிரிவுகளைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. எந்தப் பிரிவு என்பதைப் பொறுத்தே அன்றாடக் கூலி. கையில் தொழில் இருந்தும் அதை மெய்ப்பிக்கத் தாள் இல்லாதவர், கீழ்ப்பிரிவில் தள்ளப்படும் அபாயம் இருக்கிறது.

மாற்று வழிக்கு முன்னுதாரணமும் உண்டு. ராஜஸ்தானின் அஜ்மீர் மாவட்டத்தில் உள்ள திலோனியா கிராமத்தில், பங்கர் ராய் 1972-ல் நிறுவிய வெறுங்கால் கல்லூரி, பள்ளிப் படிப்பு இல்லாத கிராமப் பெண்களுக்குச் சூரிய மின் சாதனங்களை அமைக்கவும் பழுது பார்க்கவும் கற்றுக் கொடுத்தது. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் பெண்கள் வந்தனர். பொதுமொழி இல்லாத நிலையில் சைகையும் நிறக் குறியீடும் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தலுமே பாடமுறை. எழுத்துத் தேர்வு இல்லை.

அதற்காக எழுத்தறிவு வேண்டாம் என்பதன்று. கூலிச் சீட்டைப் படிக்கவும், கைநாட்டுக்குப் பதில் கையெழுத்திடவும் அது இன்றியமையாதது. கைத்திறனைப் புகழ்வது எழுத்தை மறுப்பதற்குச் சாக்காகிவிடக் கூடாது. எழுத்தறிவுத் தேர்வு எழுத வருபவரின் தொழில்திறனையும் அதே இடத்தில் மதிப்பிட்டு, இரண்டுக்கும் சேர்த்துச் சான்று வழங்கினால் என்ன? தற்போதைய எழுத்தறிவுத் திட்டத்தின் காலவரையறை 2026-27 நிதியாண்டு வரை மட்டுமே. அடுத்த திட்டத்தை வகுப்போர் விடை காண வேண்டிய கேள்வி இதுதான்.