டெபிட் செடி... கிரெடிட் பூ!

என் பயோடேட்டாவில் 'பி.காம்.' என்று ஒரு வரி உண்டு. பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'தோட்டம்' என்று இன்னொரு வரி. முதல் வரி ஏழு வருஷம் எனக்குச் சோறு போட்டது. இரண்டாவது வரி ஒரு தடவை அந்தச் சோற்றில் மண்ணைப் போட்டது. (நல்ல செம்மண்தான்!) இப்போது அதே மண்தான் சோறும் போடுகிறது.

எட்டு வயசில், ஊர்க் கொல்லையில் ஒரு செம்பருத்திக் குச்சியை ஒடித்து நட்டேன். வேர் விட்டதா என்று தினமும் காலையில் பிடுங்கிப் பார்ப்பேன். மறுபடி நடுவேன். "பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தா அது எப்படிடா வேர் விடும்?" என்று அம்மா தலையில் குட்டினாள். அந்தக் குச்சி செத்தது. ஆசை மட்டும் வேர் விட்டுவிட்டது.

பிறகு சென்னை. ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை. என் மேஜையில் வவுச்சர்களைவிட மணி பிளான்ட் அதிகம். டைப்பிஸ்ட் வீட்டு ரோஜாவில் மாவுப்பூச்சியா? கேஷியர் வீட்டு முல்லை பூக்கவில்லையா? எல்லாக் கேஸும் என்னிடம்தான் வரும். லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் என்று பிரிஸ்கிரிப்ஷன் எழுதிக் கொடுப்பேன். பீஸ், ஒரு காபி.

2015 பிப்ரவரியில் ராஜினாமா கடிதம் கொடுத்தேன். முடிச்சூர் பக்கம் ஒரு காலி மனையை வாடகைக்குப் பிடித்து, பி.எஃப். பணத்தை எடுத்து, நர்சரி போட்டாகிவிட்டது. ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் கடியம் என்று ஓர் ஊர். அந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க நர்சரிதான். அங்கிருந்து ஒரு லாரி லோடு இறக்கினேன். "மாப்பிள்ளை செடி விக்கிறாராமே?" என்று மாமனாரைச் சொந்தக்காரர்கள் விசாரிக்க, அவர் "சும்மா சைடுல..." என்று சமாளித்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் வந்தது. அந்த வருஷ டிசம்பரைச் சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் வடிந்து நான் போய்ப் பார்த்தபோது தொட்டிகள் பக்கத்து மனைச் சுவரோரம் கவிழ்ந்து கிடந்தன. செடிக்குத் தண்ணீர்தானே வேண்டும் என்று நினைப்போம். வேருக்குக் காற்றும் வேண்டும் ஸார்! மண்ணில் தண்ணீர் கட்டி நின்றால் வேர் மூச்சு முட்டி அழுகிவிடும். ரோஜா, காகிதப்பூ எல்லாம் காலி. பிழைத்தவை அரளி, கல்வாழை, கொஞ்சம் மணி பிளான்ட்.

அன்று ராத்திரி நானும் மனைவியும் கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். வரவுப் பக்கம் எழுத ஒன்றுமில்லை. அவள் காதில் தோடு இருந்தது, காலையில் இல்லை. "மூணு மாச வாடகைக்கு ஆச்சு, விடுங்க" என்றாள். நான் கேட்கவில்லை. அவளும் சொல்லிக் காட்டவில்லை, இன்றுவரை.

அந்த நாட்களில்தான் க்ரும்பீகல் என்ற ஜெர்மன்காரரைப் பற்றிப் படித்தேன். டிரெஸ்டனுக்குப் பக்கத்தில் 1865இல் பிறந்த தோட்டக்காரர். லண்டன் ஹைட் பார்க்கில் பூப்பாத்தி போட்டு, புகழ்பெற்ற கியூ தோட்டத்தில் வேலை பார்த்து, 1893இல் பரோடா சமஸ்தானத்துக்கு வந்தவர். 1908இல் மைசூர் மகாராஜா கூப்பிட, பெங்களூரு லால்பாக் அவர் கைக்கு வந்தது. ஒரு மரம் பூத்து ஓய்ந்தால் அடுத்தது பூக்கிற மாதிரி பெங்களூருத் தெருக்களுக்கு மரங்களைத் தேர்ந்தெடுத்தவர். இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மன்காரர் என்பதால் காவலில் வைத்தார்கள். அப்போது மனுஷனுக்கு வயசு எழுபதுக்கு மேல்! அதற்குப் பிறகும் பெங்களூருவை விட்டுப் போகவில்லை. 1956இல் அங்கேயே காலமானார். என் நஷ்டம் ஒரு லாரி லோடுதானே என்று தோன்றியது.

ஜனவரியில் பழைய மேனேஜர் போன் பண்ணினார். "யோவ், நீ போனதும் ஆபீஸ்ல செடியெல்லாம் காஞ்சு போச்சு. வாரா வாரம் வந்து பார்த்துக்கிறியா? சும்மா வேணாம், பில் போடு."

அந்த பில்தான் இன்றைய தொழில். ஆபீஸ்களுக்குச் செடி வாடகைக்கு விடுகிறேன். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஏ.சி. அறையில் வெளிச்சம் கம்மி. எந்தச் செடியும் ரொம்ப நாள் தாங்காது. பதினைந்து நாள் உள்ளே இருந்தால், பதினைந்து நாள் வெளியே நிழல்வலைக்குக் கீழே லீவு கொடுக்க வேண்டும். ஆக, நாற்பது தொட்டிக்கு ஆர்டர் என்றால் கையில் எண்பது இருக்க வேண்டும். இதைத் தெரியாமல் நாற்பதுக்குக் கணக்குப் போட்டவர்கள் கடையை மூடிவிட்டார்கள். பி.காம். வீணாகவில்லை!

இன்னொரு கணக்கு. நர்சரியில் வளர்க்கும் நாற்று, கன்றுகளிலிருந்து வரும் வருமானத்தை விவசாய வருமானமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2008ஆம் வருஷ நிதிச் சட்டம் தெளிவாக்கியது. ஆனால் வாங்கி விற்பது வியாபாரம், வாடகையும் வியாபாரம். இரண்டையும் ஒரே நோட்டில் எழுதினால் பின்னால் தலைவலி.

'நானும் நாளைக்கே வேலையை விடட்டுமா?' என்று கேட்கும் தம்பிகளுக்கு: வேண்டாம்! ஒரு வருஷம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏதாவது ஒரு நர்சரியில் போய் மண் கலக்குங்கள். பதியம், ஒட்டு, போத்து மூன்றும் கைக்குப் படியட்டும். நோட்டில் 'செத்தது' என்று ஒரு காலம் போட்டு நேர்மையாக நிரப்புங்கள். நூறு பதியம் போட்டால் நூறும் பிழைக்காது; விலை போடும்போது செத்ததற்கும் சேர்த்துத்தான் போட வேண்டும். அந்தக் காலத்தைப் பார்த்த பிறகும் ஆசை வாடாமல் இருந்தால், அப்போது ராஜினாமா கடிதம் எழுதுங்கள். முடிந்தால் மேட்டு நிலமாகப் பாருங்கள்.

போன வருஷம் மனைவிக்குத் தோடு வாங்கினேன். பழையதைவிட அரை கிராம் கூடுதல். கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தேன். ஆனால் பழக்க தோஷம்... இன்னும் தினமும் ராத்திரி நோட்டைத் திறந்து, லாபம் வந்திருக்கிறதா என்று பார்க்கிறேன்.

"மாமியார் சொன்னது மறந்துபோச்சா?" என்கிறாள் மனைவி. "பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்காதீங்க. மூடி வச்சுட்டுத் தூங்குங்க!"