கேட்டதை மறந்துவிடும் தேடுபொறி!

மருந்துக் கடையில் மெதுவான குரலில் கேட்கும் மருந்து உண்டு. இருட்டிய பிறகு அடகுக் கடைக்குப் போகிறவர்களும் உண்டு. ஊரார் காதில் விழக்கூடாதே என்ற கவலைதான்!

அப்படிப்பட்ட கேள்விகளைக்கூட இன்று மக்கள் செல்போனிடம் கூச்சம் இல்லாமல் கேட்கிறார்கள். கேட்டவர் கெங்கவல்லியில் இருந்தாலும் சரி, சென்னையில் இருந்தாலும் சரி, பல தேடுபொறிகள் அதைக் குறித்து வைத்துக்கொள்கின்றன. நகைக்கடன் பற்றி ஒரு நாள் தேடினால், பல நாள் நகைக்கடன் விளம்பரம் துரத்துகிறது!

குறித்து வைக்காத தேடுபொறி

"டக்டக்கோ" என்ற தேடுபொறி அப்படிச் செய்வது இல்லை. யார், என்ன தேடினார் என்று அது எழுதி வைக்காது. 2008-ம் ஆண்டு அமெரிக்காவில் கேப்ரியல் வைன்பெர்க் என்பவர் இதைத் தொடங்கினார்.

இதற்கு வருமானம்? விளம்பரம்தான். "விதை" என்று தேடினால் விதை விளம்பரம் வரும். அந்தத் தேடலோடு சரி.

தனி மனிதரின் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 24-8-2017 அன்று நமது சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்புக் கூறினார்கள்.

விவரமாகக் கேளுங்கள்

முகம் தெரியாத கடைக்காரரிடம் "வழக்கமானதைக் கொடு" என்றால் கிடைக்குமா? இதுவும் அப்படித்தான். நம்மைத் தெரியாததால், விவரமாகக் கேட்கவேண்டும்.

கெங்கவல்லி விவசாயி ஒருவர், மரவள்ளியைத் தாக்கும் பூச்சி பற்றித் தேடுவதாக வைத்துக்கொள்வோம். "மாவுப்பூச்சி" என்று மட்டும் போட்டால் பருத்தி, பப்பாளி எல்லாம் வந்து நிற்கும்.

"மரவள்ளி மாவுப்பூச்சி" என்று இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டால், அந்தச் சொற்கள் சேர்ந்து வரும் பக்கங்கள் முன்னே வரும். பின்னால் ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியை ஒட்டிப் "பப்பாளி" என்று போட்டால், பப்பாளி பற்றிய பக்கங்கள் குறையும்.

ஆங்கிலத்தில் "சைட்" என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணைய முகவரியைச் சேர்த்தால், அங்குள்ள பக்கங்கள் மட்டும் வரும். ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையம் அந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததே.

ஆச்சரியக்குறியை ஒட்டி ஆங்கில "டபிள்யூ" எழுத்தைப் போட்டுத் தேடினால், நேரே விக்கிபீடியா திறக்கும். இப்படி ஆயிரக்கணக்கான குறுக்குவழிகள் இருக்கின்றன! பகுதி என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தால் நம் நாட்டுச் செய்திகள் கூடுதலாக வரும்.

உஷார்!

தேடுபொறி மறந்துவிட்டாலும், திறந்து பார்த்த இணையதளம் வந்தவரைக் குறித்து வைக்கலாம். இணைய இணைப்புத் தரும் கம்பெனிக்கும் எந்தத் தளத்துக்குப் போனோம் என்பது தெரியும்.

செல்போனும் மறக்காது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே போன் என்றால், ஒருவர் தேடியதை அடுத்தவர் பார்த்துவிட முடியும். டக்டக்கோ செயலியில் நெருப்புச் சின்னம் ஒன்று இருக்கிறது. வேலை முடிந்ததும் அதைத் தட்டினால், திறந்த பக்கங்களும் அவற்றின் தடயமும் அழிந்துவிடும். அதன் பிறகு போனை அடுத்தவரிடம் கொடுக்கலாம்!