கனக்காத பெட்டி கனத்தது எப்படி?

கைப்பிடி வைத்த சிறிய மரப்பெட்டி ஒன்று மேடையில் இருக்கிறது. ஒரு சிறுவன்கூட அதைத் தூக்கிவிடலாம். அடுத்து வாட்டசாட்டமான ஆள் ஒருவர் வந்து மூச்சைப் பிடித்து இழுக்கிறார். பெட்டி இம்மியும் அசையவில்லை!

19ஆம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸ் மக்கள் வியந்து பார்த்த வித்தை இது. காட்டியவர் ரொபேர் ஊதேன் (1805–1871). கடிகாரம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். தம் கருவிகள் பலவற்றைத் தாமே செய்துகொண்டார். பிற்காலத்தில் புகழ்பெற்ற ஹூடினி தம் மேடைப்பெயரை இவர் பெயரிலிருந்தே அமைத்துக்கொண்டார்.

பெட்டியின் அடியில் ஓர் இரும்புத் தகடு. மேடைக்குக் கீழே ஒரு மின்காந்தம். மின்னோட்டம் பாயும்போது பெட்டி தரையோடு ஒட்டிக்கொள்ளும். நிறுத்தினால் விடுபடும். நிரந்தரக் காந்தம் போதாதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. போதாது. வேண்டும்போது கனக்கவும், வேண்டாதபோது இலேசாகவும் செய்வதில்தானே வித்தையே இருக்கிறது! உள்ளகம் தேனிரும்பாக இருக்க வேண்டியதும் இதனால்தான். எஃகானால் மின்னோட்டம் நின்ற பிறகும் காந்தத்தன்மை பெருமளவு தங்கிவிடும்.

இழுவிசை எவ்வளவு? காந்தப்புலம் 1 டெஸ்லா என்றால், தொடும் பரப்பில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ 4 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை கிடைக்கும். 50 சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ! ஆனால் இரும்புக்கும் காந்தத்துக்கும் நடுவே பலகையோ கம்பளமோ வந்தால் புலம் தளரும். விசையோ புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. புலம் பாதியானால் விசை கால்பங்காகிவிடும். ஆகவே இடைவெளியை மிகக் குறைவாக வைப்பதில்தான் கைத்திறன் இருந்தது.

மின்காந்தத்தை ஸ்டர்ஜன் செய்து காட்டியது 1825இல்தான். அதைப் பற்றிப் பொதுமக்களுக்கு அதிகம் தெரியாத காலம் அது.

1856இல் பிரெஞ்சு அரசு ஊதேனை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அங்கே மக்களிடம் செல்வாக்குப் பெற்றிருந்த மராபூ எனப்படும் சமயப் பெரியவர்களைவிடப் பிரெஞ்சுக்காரரின் மந்திரமே பெரிது என்று காட்டுவது நோக்கம். பலசாலி ஒருவரை அழைத்து, "உன் பலத்தைப் பறித்துவிட்டேன்" என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கச் சொன்னாராம். கைப்பிடி வழியாக மின்னதிர்ச்சியும் கொடுத்ததாகத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்த மனிதர் அலறிக்கொண்டு ஓடினாராம். இதை என்னால் மெச்ச முடியவில்லை. மின்சாரம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதி அச்சம் போயிருக்கும். ஆட்சியாளர்களுக்கு வேண்டியிருந்தது அந்த அச்சந்தான்.

நாளடைவில் பாரிஸில் மின்காந்தம் பலரும் அறிந்த பொருளாயிற்று. ஊதேன் விட்டாரா? பெட்டியைக் கயிற்றில் கட்டிக் கூரைக் கப்பியில் தொங்கவிட்டு, மறுமுனையை ஒருவர் கையில் கொடுத்தார். பெட்டிதான் தரையைத் தொடவில்லையே, காந்தம் எப்படி இழுக்கும்? பார்த்தவர்கள் குழம்பினார்கள். திடீரெனப் பெட்டி கீழிறங்கும். கயிற்றைப் பிடித்தவர் மேலே போவார். உண்மையில் கயிறு கூரையின் துளை வழியே மேல் அறைக்குச் சென்று திரும்பியது. அங்கே மறைந்திருந்த உதவியாளர் உருளையைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.