கல்லைக் கரைக்கும் நொதி

சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள கரிசல் நிலத்தைத் தோண்டினால், கரிய மண்ணினூடே வெண்மையான சுக்கான்கல் தென்படும். அதன் முதன்மைப் பொருள் கால்சியம் கார்பனேட்டு. முன்னோர் அதனைக் காளவாயில் இட்டுச் சுட்டு, வீடு கட்டச் சுண்ணாம்பு எடுத்தனர். 1949 முதல் தாழையூத்துச் சிமெண்டு ஆலைக்கு மூலப்பொருளாக விளங்குவதும் இச்சேர்மமே. மன்னார் வளைகுடாவில் இதுவே பவளப்பாறையாகவும் சங்காகவும் உருக்கொள்கிறது.

சுக்கான்கல்லின்மீது எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் நுரை பொங்கும். அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் கார்பனேட்டைத் தாக்க, கார்பன் டைஆக்சைடு வெளியேறுகிறது. இவ்வினைக்கு நொதியின் உதவி வேண்டியதில்லை. ஆனால், இயற்கையில் கல்லைக் கரைப்பது பெரும்பாலும் மழைநீரே. காற்றிலும், அதனினும் மிகுதியாக வேர்கள் சுவாசிக்கும் மண்ணிலும் உள்ள கார்பன் டைஆக்சைடு அந்நீரில் கலந்து கார்பானிக் அமிலமாகிறது. இது வலுக்குறைந்த அமிலம், உருவாவதிலும் தாமதமானது. கரைந்த வாயு நீருடன் வினைபுரிந்து அமிலமாக மாறப் பல நொடிகள் ஆகும். நொடிகள்தாமே என்று எண்ணலாகாது. மூலக்கூறுகளின் உலகில் அது நெடுங்காலம். கல்லை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தில் அமிலம் தீர்ந்தால், புதிய அமிலம் பிறக்கும்வரை கரைதல் மந்தமாகிறது.

இத்தாமதத்தைப் போக்குவது கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்னும் நொதி. மெல்ட்ரம், ரௌட்டன் ஆகிய இருவரும் 1933இல் இரத்தச் சிவப்பணுக்களில் இதனை இனங்கண்டனர். நாம் மூச்சு விடுவதற்குத் துணைநிற்கும் நொதியே கல் கரையவும் துணைநிற்பது வியப்புக்குரியது. இதன் நடுவிலுள்ள துத்தநாக அயனி, நீர் மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிரித்து, எஞ்சிய ஹைட்ராக்சைடைக் கார்பன் டைஆக்சைடுடன் சேர்த்துப் பைகார்பனேட்டாக்குகிறது. விடுபட்ட ஹைட்ரஜன் அயனி கல்லின் கார்பனேட்டைத் தாக்குகிறது. விரைவு மிக்க வகை நொதியின் ஒரு மூலக்கூறு, நொடிக்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் முறை இவ்வேலையைச் செய்யும்.

நொதி கல்லைத் தின்கிறது என்று கூறுவது பிழை. கரைப்பது அமிலமே, நொதி அதன் வரவை விரைவுபடுத்துகிறது. எவ்வளவு கல் கரைய இயலும் என்னும் இறுதி அளவை அது மாற்றுவதில்லை.

2017இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த ஆடம் சுபாஸ், ஜெஸ் ஆட்கின்ஸ் முதலியோர், கார்பன்-13 கலந்த கால்சைட்டைக் கடல்நீரில் இட்டு ஆராய்ந்தனர். நிறைசெறிவை நெருங்கிய நீரில், நொதியைச் சேர்த்தபோது கரையும் வேகம் நூறு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. மனிதர் வெளியிடும் கார்பன் டைஆக்சைடில் ஏறத்தாழக் கால் பங்கைக் கடல் ஏற்று, அமிலத்தன்மை மிகுந்து வருகிறது; பவளங்கள் தம் கூட்டைக் கட்டத் திணறுகின்றன. கடலடிச் சுண்ணாம்புப் படிவுகள் அவ்வமிலத்தை நடுநிலையாக்கும். ஆயினும், அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். ஆலைப் புகையையும் சுண்ணாம்புக்கல்லையும் நீரில் சேர்த்து, நொதியின் துணையால் அப்பணியை விரைவில் முடிக்க இயலுமா என்பதே இன்றைய வினா.

காளவாயில் சுடப்படும் கல் கார்பன் டைஆக்சைடை வெளியிடுகிறது. நீரில் கரையும் கல்லோ அதனைப் பைகார்பனேட்டாகப் பிணைக்கிறது. ஆனால் 44 கிராம் வாயுவைப் பிணைக்க 100 கிராம் கல் தேவை. ஒரு டன் வாயுவுக்கு ஏறத்தாழ 2.3 டன் கல்லை வெட்டி, அரைத்து, கொண்டுசெல்ல வேண்டும். எத்துணை விரைவான நொதியும் இக்கணக்கைக் குறைக்காது.