ஆடிக் காற்றும் ஐம்பது மில்லிமீட்டர் ரிம்மும்

மிதிவண்டிக் காலம் – 17

கார்பன் சக்கரம் வாங்கலாமா என்ற கேள்வியோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். காசு இருந்தால் வாங்குங்கள்; ஆனால் அதற்கு முன்னால் டயரை மாற்றுங்கள். டயரை மாற்றியும் ஆசை அடங்கவில்லை என்றால், ரிம் எவ்வளவு ஆழம் இருக்க வேண்டும் என்பதைக் கடையில் நின்றுகொண்டு தீர்மானிக்காதீர்கள். ஆடி மாதத்தில் ஒரு நடை மருங்காபுரிப் பக்கம் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள்.

ஏன் மருங்காபுரி? திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் ரோடு பைக் வைத்திருப்பவர்கள் வார நாட்களில் முக்கொம்புக்கோ கல்லணைக்கோ போய்த் திரும்பிவிடுவார்கள். ஆற்றோரம், மர நிழல், சமதளம். அங்கே எந்தச் சக்கரமும் நல்ல சக்கரம்தான். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் நீளமாக ஓட்ட வேண்டும் என்றால் மதுரை நெடுஞ்சாலை. விராலிமலையைத் தாண்டி, மருங்காபுரி வட்டத்துக்குள் புகுந்து, துவரங்குறிச்சியில் வலது பக்கம் திரும்பினால் மணப்பாறை, அங்கிருந்து திருச்சி. நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். வரைபடத்தில் பார்த்தால் இது ஒரு முக்கோணம். பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து கரூர் வழியாக வரும் மேல்காற்றை இந்த முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு விதமாக வாங்கும். போகும்போது முகத்தில், வலப்பக்கம் சாய்வாக. துவரங்குறிச்சியிலிருந்து வடக்கே ஏறும்போது இடது விலாவில் நேராக. திரும்பும்போது முதுகில். காற்றுச் சுரங்கம் கட்டிச் சோதிக்கிற கம்பெனிகள் பல லட்சம் செலவு செய்து உண்டாக்குவதை நமக்கு ஆடி மாதம் இலவசமாகத் தருகிறது.

இந்தச் சாலைக்கு வேறொரு சைக்கிள் வரலாறும் உண்டு. விராலிமலை புதுக்கோட்டை மாவட்டம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், அந்த மாவட்டத்துக் கிராமத்துப் பெண்கள் லட்சத்துக்கும் மேற்பட்டோர் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால் குறுக்குக் கம்பி வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். அந்த வண்டிகளின் சக்கரத்தை நினைத்துப் பாருங்கள். இரும்பு ரிம், முன்னால் முப்பத்திரண்டு, பின்னால் நாற்பது போக்ஸ் கம்பி. குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ஓடும். கோட்டம் விழுந்தால் தெருமுனைக் கடைக்காரர் போக்ஸ் சாவியை வைத்துத் திருகி நிமிர்த்திவிடுவார்.

கார்பன் சக்கரத்தில் கம்பி இருபது, மிஞ்சினால் இருபத்து நான்கு. அதுவும் காற்றைக் கிழிப்பதற்காகத் தட்டையாக அடித்தது. இரண்டு சக்கரமும் சேர்ந்து 1,300 முதல் 1,500 கிராம் வரை இருக்கும். புது வண்டியோடு வருகிற அலுமினியச் சக்கரம் பெரும்பாலும் 1,800 கிராமுக்கு மேல். பிசினில் தோய்ந்த கார்பன் இழைத் தாளைத் துண்டு துண்டாக வெட்டி, எந்தத் துண்டின் இழை எந்தத் திசையில் போக வேண்டும் என்று கணக்குப் பார்த்து, அச்சுக்குள் கையாலேயே அடுக்குகிறார்கள். பிறகு அழுத்தமும் சூடும். ஸ்டிக்கரில் அமெரிக்கப் பெயர் இருந்தாலும் ஐரோப்பியப் பெயர் இருந்தாலும், பெரும்பாலான ரிம்கள் சீனாவிலோ தைவானிலோ அச்சிலிருந்து வெளியே வந்தவைதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தக் கை வேலையில் அவர்கள் தேர்ந்தவர்கள்.

இதன் பெருமையெல்லாம் எடையில் இல்லை, வடிவத்தில். 1984 ஜனவரியில் மெக்சிகோ நகரத்தில் இத்தாலியின் பிரான்செஸ்கோ மோசர் ஒரு மணி நேரத்தில் 51.151 கிலோமீட்டர் ஓட்டினார். எடி மெர்க்ஸ் 1972-ல் அதே ஊரில் வைத்த 49.431 கிலோமீட்டர் சாதனை உடைந்தது. மோசரின் வண்டியில் கம்பிகளே இல்லாத தட்டுச் சக்கரம் மாட்டியிருந்தது. காற்றை வெட்டும் சக்கரம் என்ற எண்ணம் பந்தயக்காரர்களின் மண்டைக்குள் உட்கார்ந்தது அன்றுதான். பிறகு வந்த ஆழமான ரிம்கள் எல்லாம் அந்தத் தட்டுக்கும் பழைய கம்பிச் சக்கரத்துக்கும் நடுவே செய்துகொண்ட சமரசம்.

இப்போது கணக்கு. விளம்பரத்தில் 'பதினைந்து வாட்ஸ் மிச்சம்' என்று இருந்தால், அது எந்த வேகத்தில் என்று சிறிய எழுத்தைத் தேடிப் படியுங்கள். பெரும்பாலும் மணிக்கு 45 கிலோமீட்டர். காற்றை எதிர்க்கத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. ஆகவே 45-ல் பதினைந்து வாட்ஸ் மிச்சம் என்றால் 30-ல் நாலரை வாட்ஸ்கூட வராது. நம்மில் பலர் எதிர்க்காற்றில் 24-க்கே நாக்குத் தள்ளுகிறோம். அதற்காக மெதுவாக ஓட்டுபவருக்குப் பயனே இல்லை என்றும் சொல்ல முடியாது. அவர் சாலையில் அதிக நேரம் இருக்கிறார், அதனால் அதே தூரத்துக்கு அவருக்கு மிச்சமாகும் நிமிடங்கள் பந்தயக்காரருடையதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆனால் லட்ச ரூபாய்க்கு நாலரை வாட்ஸ் என்பதை வீட்டில் எப்படி விளக்குவது என்பது உங்கள் பாடு.

டயருக்கு வருவோம். உருளை மேல் டயரை ஓட்டி, 29 கிலோமீட்டர் வேகத்தில் உராய்வை அளக்கும் சோதனைகளில், தடித்த சாதாரண டயருக்கும் நல்ல பந்தய டயருக்கும் ஒரு டயருக்கே ஏழெட்டு வாட்ஸ் வரை வித்தியாசம் வருகிறது. இரண்டு டயர் என்றால் இரட்டிப்பு. செலவு ஜோடிக்குப் பத்துப் பன்னிரண்டாயிரம். எடையைப் பற்றியும் ஒரு கணக்கு: வண்டியும் ஆளும் சேர்ந்து 80 கிலோ என்றால், சக்கரத்தில் 400 கிராம் குறைவது அரை சதவீதம். ஒரு மணி நேர மலையேற்றத்தில் பதினெட்டு வினாடி. துவரங்குறிச்சிச் சாலையில் ஏது மலை?

அப்படியானால் எதற்குத்தான் கார்பன்? மதுரை நெடுஞ்சாலையில் முப்பதைத் தாண்டியபின் ஆழமான ரிம் அந்த வேகத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது காலுக்குத் தெரியும். பக்கவாட்டிலிருந்து லேசாகச் சாய்ந்து வரும் காற்றில் ரிம்மின் சுவர் பாய்மரமாக வேலை செய்து, இழுவையைக் கொஞ்சம் குறைக்கவும் செய்யும். மணப்பாறையிலிருந்து முதுகுக்காற்றோடு திரும்பும்போது உள்ளீடற்ற ரிம்மிலிருந்து எழும் அந்த 'உம்ம்' என்ற ஓசைக்காகவே பணம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். நானும் அதில் சேர்த்தி.

சிக்கல் முன்சக்கரத்தில் இருக்கிறது. பின்சக்கரம் சட்டத்தில் இறுகிக் கிடக்கிறது. காற்று தள்ளினால் வண்டி மொத்தமாக நகரும், அவ்வளவுதான். முன்சக்கரம் ஹேண்டில்பாரோடு திரும்பக் கூடியது. காற்று ரிம்மின் சுவரைத் தள்ளும் இடம் ஹேண்டில் திரும்பும் அச்சுக்கு முன்னால் விழுவதால், ஒவ்வொரு வீச்சும் ஹேண்டிலைப் பிடுங்கித் திருப்பப் பார்க்கும். சீராக அடிக்கும் காற்று எவ்வளவு பலமாக இருந்தாலும் பழகிவிடும். விட்டு விட்டு அடிக்கிற காற்றுதான் ஆளைக் கவிழ்க்கும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒன்றரைக் கிலோ சக்கரம் எம்மாத்திரம்?

நெடுஞ்சாலையில் இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். தெற்கே போகிறீர்கள், காற்று வலப்பக்கத்திலிருந்து. நீங்கள் அறியாமலேயே வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். அந்தப் பக்கமாகவே ஒரு லாரி முந்துகிறது. லாரியின் உடம்பு காற்றை மறைத்த கணத்தில் எதிர்ப்பு இல்லாமல் போய், வண்டி லாரியை நோக்கிச் சரிகிறது. சுதாரித்து இடப்பக்கம் ஒடிக்கிறீர்கள். அதற்குள் லாரி போய்விட்டது. காற்று மறுபடி வந்து அறைகிறது, அதுவும் இடப்பக்கமே தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்து சாலையோரச் சரளையில் கொண்டுபோய் விடும். இரண்டு வினாடிக் கதை. லாரிச் சத்தம் பின்னால் கேட்டதும் ஹேண்டிலின் மேல்பகுதியிலிருந்து கையைக் கீழ் வளைவுக்கு இறக்கி, தோளைத் தளர்த்தி, மிதிப்பதை நிறுத்தாமல் இருந்தால் சமாளிக்கலாம். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் காற்றின் ஆட்டம் முழுக்க உங்கள் உடம்பு வழியாக வண்டிக்கே திரும்பப் போகும்.

ஆகவே நம் ஊருக்கு என் கணக்கு: முன்னால் 35 அல்லது 40 மில்லிமீட்டர், பின்னால் 50. ஆள் அறுபது கிலோவுக்குக் கீழே என்றால் முன்னால் 35-க்கு மேல் போகவே வேண்டாம். பழைய ரிம்கள் கத்தி முனைபோல் 'வி' வடிவில் இருக்கும், வீச்சில் சட்டென்று பிடுங்கும். இப்போது வருபவை முனை உருண்டு 'யு' வடிவில் இருப்பதால் அதே ஆழத்துக்கு எவ்வளவோ சாது. உலகப் பந்தயங்களிலேயே கூட்டமாக ஓட்டும் போட்டிகளுக்கு 2026 ஜனவரியிலிருந்து ரிம்மின் உயரம் 65 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று சர்வதேச சைக்கிள் ஒன்றியமான யுசிஐ வரம்பு வைத்துவிட்டது. எண்பது மில்லிமீட்டர் ரிம்மைப் போட்டுக்கொண்டு படம் எடுத்துப் போடுகிறவர்களை ஆடியில் மதுரை ரோட்டில் காணோம்.

காற்றுக்கு அடுத்த எதிரி முள். சீமைக் கருவேலம் இல்லாத சாலையோரம் மருங்காபுரி வட்டாரத்தில் ஏது? ட்யூப்லெஸ் டயரில் ரப்பர் பால் ஊற்றியிருந்தால் சின்ன முள்ளை அதுவே அடைத்துக்கொள்ளும். நம் வெயிலில் அந்தப் பால் சீக்கிரம் வற்றிவிடும் என்பதால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். நான் பார்க்காமல் விட்ட ஒரு முறை, துவரங்குறிச்சிக்கு முன்னால் ஒரு பஞ்சர் கடையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நின்றேன். பெரியவர் ரிம்மை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, பிளாஸ்டிக்கா?"

"கார்பனுங்க ஐயா."

"வால்வு என்ன இம்புட்டு ஒல்லியா இருக்கு? வால்ட்யூப் எங்க?"

பையிலிருந்த பித்தளை அடாப்டரைத் திருகிக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "இது இல்லேன்னா வீட்டுக்கு உருட்டிக்கிட்டே போக வேண்டியதுதான்" என்றார். சரியான வார்த்தை. பத்து ரூபாய் எடைகூட இல்லாத அந்தச் சாமான் பையில் இல்லாமல் ஊரைத் தாண்டாதீர்கள்.

அடுத்து அவர் செய்ய இருந்ததுதான் முக்கியம். லாரி டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் குழாயை எடுத்துக்கொண்டு வந்தார். சைக்கிள் டயர் கல்லு மாதிரி இருக்க வேண்டும் என்பது நம் ஊர்ப் பழக்கம். இப்போது வரும் பல கார்பன் ரிம்கள் ஹூக்லெஸ். டயரின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் கொக்கி கிடையாது. அவற்றுக்கு உச்ச வரம்பு 5 பார், அதாவது சுமார் 72 பிஎஸ்ஐ. அதற்கு மேல் போனால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். 2024 பிப்ரவரியில் யுஏஇ டூர் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் தாமஸ் டி கென்ட் விழுந்தபோது ஹூக்லெஸ் ரிம்மிலிருந்து டயர் கழன்று கிடந்தது. அதன்பின் உலகம் முழுக்க ஒரே சண்டை. எழுபது கிலோ ஆளுக்கு 28 மில்லிமீட்டர் டயரில் எழுபது பிஎஸ்ஐக்குக் கீழேயே தாராளமாகப் போதும். நான் கம்ப்ரசரைத் தடுத்துக் கைப்பம்பை எடுத்தேன். பெரியவர் முகத்தில் ஏளனம்தான், வேறென்ன.

மலைக்கு ஒரு எச்சரிக்கை. திருச்சிக்காரர்கள் ஏறிப் பார்க்க ஆசைப்படுவது கொல்லிமலை, எழுபது கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது கார்பன் ஒன்றும் செய்யாது. இறங்கும்போதுதான் கவலை, அதுவும் டிஸ்க் இல்லாமல் ரிம்மையே கவ்வுகிற பிரேக் என்றால். ஒவ்வொரு வளைவிலும் பிரேக் கட்டை தேய்ந்து உண்டாகும் சூட்டை அலுமினியம் பரவவிட்டுவிடும். கார்பன் அதே இடத்தில் தேக்கி வைத்துக்கொள்ளும். பிசின் இளகினால் ரிம்மின் விளிம்பு உப்பும், உள்ளே ட்யூப் வெடிக்கும். டிஸ்க் வண்டிகளில் இந்தத் தொல்லை கிடையாது. உலகப் பந்தயங்கள் 2018-லிருந்து டிஸ்க்கை முழுமையாக அனுமதித்த பிறகு, ரிம் பிரேக் கார்பன் சக்கரங்களைப் பலர் பாதி விலைக்குக் கழித்துக் கட்டுகிறார்கள். சமதளத்துக்கு மட்டும் என்றால் வாங்கலாம். அதற்கென்றே வரும் கார்பன் பிரேக் கட்டையைப் போட வேண்டும்; மழையில் ரொம்ப முன்கூட்டியே பிடிக்க வேண்டும்.

பழைய சக்கரம் வாங்கும்போது ஒரு ரூபாய்க் காசை எடுத்து ரிம்மைச் சுற்றித் தட்டிக்கொண்டே வாருங்கள். 'டக் டக்' என்று ஒரே மாதிரி கேட்க வேண்டும். எங்காவது ஒரு இடத்தில் மட்டும் 'தொப்' என்று மந்தமாகக் கேட்டால் உள்ளே அடுக்குப் பிரிந்திருக்கிறது; விற்பவர் சித்தப்பா மகனாகவே இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அலுமினிய ரிம் பள்ளத்தில் விழுந்தால் நெளியும், நெளிந்ததைக் கண்ணால் பார்க்கலாம், தட்டி எடுத்து வீடு வந்து சேரலாம். கார்பன் நெளியாது, விரியும். கம்பித் துளைகளைச் சுற்றியும் டயர் உட்காரும் விளிம்பிலும் நகத்தால் தடவிப் பாருங்கள், கீறல் தட்டுப்படும். புதிதாக வாங்குகிறவர்கள் மோதி உடைந்தால் மாற்றித் தரும் திட்டம் உண்டா, அது இந்தியாவில் செல்லுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் கம்பெனிகள் பல இப்போது அப்படித் தருகின்றன. இணையத்தில் நேராக வரவழைத்தால் அது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

அடுத்த வாரம் செயின். எண்ணெய்க்குப் பதில் மெழுகு போடலாமா என்பதைப் பார்ப்போம்.

(தொடரும்)