நிறையாத டேங்க் நல்ல டேங்க்தானா?

"எங்கள் வீட்டு செப்டிக் டேங்க் கட்டி இருபது வருஷம் ஆகிறது. இதுவரை ஒரு தடவைகூட நிறைந்ததில்லை" என்று பெருமையாகச் சொல்பவர்களை நம்மில் பலரும் சந்தித்திருப்போம். கேட்பவருக்குச் சற்றுப் பொறாமைகூட வரும். உண்மையில் இது பெருமைப்படும் செய்தியல்ல, கவலைப்படும் செய்தி. ஏன் என்பதைப் பெருங்கடவிளையில் நான் வாங்கிய பழைய வீட்டில் செய்த வேலையை வைத்து, சங்கத்து அன்பர்களுக்கு விளக்க விரும்புகிறேன். கேரளத்தில் நிலம் வாங்கி வீடு கட்டியிருக்கும், அல்லது கட்டப் போகும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இது பயன்படும்.

கழிவுத் தொட்டிகளில் இரண்டு வகை உண்டு. பாய்மரப் படகிலும் ஆலப்புழைக் கெட்டுவள்ளத்திலும் இருப்பது வெறும் சேமிப்புத் தொட்டி. தண்ணீரில் விடக் கூடாது என்பதற்காகக் கழிவைப் பிடித்து வைத்திருந்து, நிறைந்ததும் குழாய் போட்டு உறிஞ்சி எடுப்பார்கள். வீட்டு செப்டிக் டேங்க் அப்படியல்ல. இங்கிலாந்தில் எக்ஸெட்டர் நகரத்தில் டொனால்ட் கேமரன் என்பவர் 1895-இல் அமைத்த தொட்டிக்குத்தான் இந்தப் பெயர் முதலில் வந்தது. அதன் வேலை கழிவைப் பிரிப்பது. கனமானவை கசடாக அடியில் தங்கும். எண்ணெய்ப் பசையும் இலேசானவையும் ஆடையாக மேலே மிதக்கும். காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் கசட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். நடுவில் நிற்கும் தெளிந்த நீர், மேலிருந்து எவ்வளவு வருகிறதோ அவ்வளவு வெளியே போகும். ஆகவே சரியாகக் கட்டிய செப்டிக் டேங்கில் வெளிக்குழாய் மட்டம் வரை எப்போதும் நீர் நின்றுகொண்டே இருக்கும்.

அப்படியானால் நிறையாத டேங்க் என்பது என்ன? அது டேங்கே அல்ல, அடித்தளம் இல்லாத குழி. போவதெல்லாம் நேரே மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது.

நான் வாங்கிய வீட்டில் இருந்தது அதுதான். பெருங்கடவிளை நெய்யாற்றின்கரைத் தாலுகாவில், மேடும் பள்ளமுமாக ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த ஊர். நிலத்தடியில் செம்புரைக்கல், இங்கே வெட்டுக்கல் என்பார்கள். பழைய மேஸ்திரி அந்தக் கல்லையே சாந்து பூசாமல் வட்டமாக அடுக்கி, மேலே சிலாப் போட்டு முடித்திருந்தார். கிணறு அங்கிருந்து 6 மீட்டர்தான். மழைக்காலத்தில் தண்ணீரில் ஒரு மாதிரி வாடை வருகிறது என்று என் மனைவி சொன்னதும் பரிசோதனைக்குக் கொடுத்தோம். கோலிஃபார்ம் கிருமி இருப்பதாக அறிக்கை வந்தது. குடிநீரில் 100 மில்லி லிட்டருக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம்.

டேங்கிலிருந்து வெளியேறும் நீர் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் கிருமிகள் நிறைந்தது. அதை வடிகட்டுவது மண். செம்புரைக்கல்லோ பொத்தலும் பொந்துமாக இருக்கும். வடிகட்டாமலே நீரைக் கடத்திவிடும். இடவப்பாதி, துலாவர்ஷ மழைகளில் நிலத்தடி நீர் மேலேறும்போது குழிக்கும் கிணற்றுக்கும் இடையே உள்ள காய்ந்த மண் குறைந்து போகிறது. வாடை மழைக்காலத்தில் மட்டும் வந்த காரணம் இதுதான்.

தூரத்தைப் பற்றிக் கேரளக் கட்டட விதிகள் சொல்வது: குடிநீர்க் கிணற்றிலிருந்து செப்டிக் டேங்கும் உறிஞ்சு குழியும் குறைந்தது 7.5 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 2470, கழிவு நீரை மண்ணில் விடும் இடத்துக்கும் கிணற்றுக்கும் 18 மீட்டர் வேண்டும் என்கிறது. 5 சென்ட் மனை சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் சுமார் 14 மீட்டர்தான் வரும். ஆகவே சிறிய மனையில் இடம் தேர்ந்தெடுப்பதில் மிகுந்த கவனம் தேவை.

இனி, செய்த வேலை. முதலில் பழைய குழியை லாரி வைத்துக் காலி செய்து, சுண்ணாம்பு தூவி, மண்ணால் மூடினோம். வீட்டின் மறுபக்கத்தில், கிணற்றைவிடத் தாழ்வான இடத்தில் புதுத் தொட்டி. 5 பேருக்கு, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கசடு எடுப்பதானால், 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், 1.05 மீட்டர் நீர் ஆழம் போதும். நீருக்கு மேலே 30 சென்டி மீட்டர் வெற்றிடம் விட வேண்டும். அடியில் கான்கிரீட், உட்சுவரில் சிமென்ட் பூச்சு. பூச்சு காய்ந்ததும் நிறையத் தண்ணீர் ஊற்றி ஒரு நாள் முழுதும் விட்டுப் பார்த்தோம். மட்டம் இறங்கவில்லை என்பதைக் கண்ட பிறகே மூடி போடச் சொன்னேன். கொத்தனாருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் இந்தச் சோதனையை யாரும் விட்டுவிடக் கூடாது.

இரண்டாவது, குழாய்கள். உள்ளே வரும் குழாய் வெளியே போகும் குழாயைவிட 5 சென்டி மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் 'டி' வடிவ இணைப்பு அவசியம். வெளிக்குழாயின் 'டி' நீர்மட்டத்துக்குக் கீழே ஓர் அடிக்கு மேல் இறங்கி நின்றால், மிதக்கும் ஆடையும் போகாது, அடிக்கசடும் போகாது. நடுநீர் மட்டுமே போகும். ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டுதான். அது இல்லாவிட்டால் உறிஞ்சு குழி சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, காற்றுக் குழாய். வாயு வெளியேற வழியில்லாவிட்டால் அது கழிப்பறைக்கே திரும்பி வரும். வீட்டை ஒட்டிய தொட்டியானால் கூரை உச்சிக்கு மேல் 2 மீட்டர் வரை குழாயை உயர்த்தி, வாயில் கொசுவலை கட்ட வேண்டும். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்கு செப்டிக் டேங்க் பிடித்தமான இடம்.

நான்காவது, உறிஞ்சு குழி. ஆழமாகத் தோண்டினால் நிலத்தடி நீரை நெருங்கிவிடும். ஆகவே அகலமாகவும் ஆழம் குறைவாகவும் எடுத்தோம். தோண்டுவதற்கு முன் நான் டேப் பிடித்து அளந்தது என் கிணற்றை மட்டுமல்ல, பக்கத்து வீட்டுச் சேட்டன் கிணற்றையும்தான். நான் முதலில் நினைத்திருந்த இடம் அவர் கிணற்றுக்கு மிக அருகில் வந்தது. வேலிக்கு இந்தப்புறம் இருப்பதால் சட்டம் மாறிவிடாது. நீருக்கு வேலியும் தெரியாது. குழியை 4 மீட்டர் நகர்த்தினோம். பிறகு சேட்டனும் தம் வீட்டுக் குழியைத் திறந்து பார்த்தார். அதுவும் அடித்தளம் இல்லாததுதான். அடுத்த வேனலில் அவரும் மாற்றிக் கட்டினார். அதன் பலன் எங்கள் கிணற்றுக்கும் கிடைத்தது.

கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, அடுத்த மழைக்காலத்தில் மறுபடி பரிசோதித்தபோது கோலிஃபார்ம் இல்லை. இருந்தாலும் குடிக்கும் நீரைக் காய்ச்சும் வழக்கத்தை நாங்கள் விடவில்லை.

கடைசியாக இரண்டு எச்சரிக்கைகள். கழிப்பறையில் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் தாராளமாகக் கொட்டினால் டேங்கில் வேலை செய்யும் பாக்டீரியாக்கள் செத்துவிடும். அதைவிட முக்கியம், எந்தக் காரணம் கொண்டும் டேங்குக்குள் ஆளை இறக்கக் கூடாது. உள்ளே தங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு நொடியில் ஆளைச் சாய்த்துவிடும். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமுமாகும். லாரி வரவழைக்கும்போது, எடுத்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள் என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். திருவனந்தபுரம் முட்டத்தறையில் அதற்கென்று சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அது எங்கோ ஓர் ஓடையில் விழுந்தால், இன்னொரு வீட்டுக் கிணற்றில்தான் போய்ச் சேரும்.

வீடு வாங்கும்போது பத்திரம், வரி ரசீது எல்லாம் பார்க்கிறோம். அதோடு டேங்க் மூடியையும் ஒருமுறை திறக்கச் சொல்லுங்கள். உள்ளே வெளிக்குழாய் மட்டம் வரை நீர் நின்றால் நிம்மதி. காய்ந்து கிடந்தால், கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.