அரேபியாவில் உரிந்த டயரும் அமெரிக்கச் சட்டமும்

விற்றுவிட்ட மோட்டார் வண்டியில் பிராணாபாயம் விளைவிக்கும் பழுது ஒன்று இருப்பதாகக் கம்பெனியார் அறிந்தால், அவர்கள் கடமை என்ன? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டம் 1966-ஆம் வருஷத்திலேயே இதற்கு விடை கூறிற்று: சர்க்காருக்கும் வண்டிக்காரருக்கும் தெரிவிக்க வேண்டும். 1974-ல் செய்த திருத்தம், வண்டியைத் திரும்ப வரவழைத்துச் செலவின்றிச் சீர்செய்து கொடுக்கவும் வேண்டும் என்று சேர்த்தது. இதனையே 'ரீகால்' என்பர். ஏட்டளவில் இதைவிடத் தெளிவான சட்டம் வேண்டுவதில்லை. ஆயினும் இச்சட்டம் அமலில் இருக்கும்போதே, ஒரே வண்டியின் ஒரே பழுதுக்காக அரேபியரின் டயர்கள் மாற்றப்பட்டன. அமெரிக்கருக்கு ஒரு வார்த்தையும் சொல்லப்படவில்லை. இது எவ்வாறு நேர்ந்ததென்பதைப் பொதுக்காரியங்களில் ஈடுபட்டோர் அறிந்திருத்தல் நலம்.

நாம் குறிப்பிடும் வண்டி, ஃபோர்டு கம்பெனியார் 1990-ல் சந்தைக்குக் கொண்டுவந்த 'எக்ஸ்ப்ளோரர்'. சரக்கு லாரியின் சட்டத்தின்மேல் அமைத்த உயரமான குடும்ப வண்டி. உயர அமர்ந்து செல்வதே பாதுகாப்பென்று நம்பிப் பெற்றோர் தம் குழந்தைகளை இதில் ஏற்றினர். இவ்வகை வண்டிகளில் இதற்கு ஈடாக அந்நாட்டில் விற்றது வேறில்லை. இதற்கு டயர் கொடுத்தவர்கள் ஃபயர்ஸ்டோன் கம்பெனியார். அவர்களை 1988-ல் ஜப்பானியரின் பிரிட்ஜ்ஸ்டோன் விலைக்கு வாங்கியிருந்தது.

டயரின் உள்ளே எஃகுக் கம்பிகளால் ஆன இரண்டு பட்டைகள் உண்டு. அவற்றிடையே உள்ள ரப்பர் பிடிப்பு தளர்ந்தால், வெயிலிலும் வேகத்திலும் சூடேறி, மேற்பட்டை தரையைத் தொடும் பாகத்தோடு உரிந்து வந்துவிடும். பின்சக்கரத்தில் இது நேரும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஓட்டுவோன் திகைத்துச் சக்கரத்தைத் திருப்புவான். உயரமான வண்டி உருளும். காற்று குறைந்தால் சூடு இன்னும் ஏறும். ஃபோர்டு கம்பெனியார் விதித்த காற்றழுத்தம் 26 பவுண்டு. 30 வேண்டுமென்று ஃபயர்ஸ்டோன் கூறியதோ, விபத்துக்கள் அம்பலமான பிறகு!

இல்லினாய் மாகாணத்து டிகேட்டர் ஆலையில் வார்த்த டயர்களே பெருவாரியாகக் கெட்டன. அங்கே 1994-ல் வேலைநிறுத்தம் மூண்டு, பதிலாட்களைக் கொண்டு ஆலை ஓட்டப்பட்டது. பதிலாட்களும் திரும்பிவந்த பழைய தொழிலாளரும் அருகருகே வேலை செய்த காலத்து டயர்களில் பழுது மிகுந்திருந்ததென்று பிரின்ஸ்டன் சர்வகலாசாலையின் பொருளாதார அறிஞர் ஆலன் க்ரூகர், அலெக்ஸாண்ட்ரே மாஸ் என்பாருடன் சேர்ந்து 2004-ல் எழுதினார். தொழிலாளியின் மனக்கசப்பை லாப நஷ்டக் கணக்கில் எழுதாத முதலாளிகள் இதைப் படித்தல் தகும்.

இனி முக்கிய விஷயத்துக்கு வருவோம். ஸவுதி அரேபியாவிலும் வளைகுடா நாடுகளிலும் எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் உருண்டன. 1999-ல் ஃபோர்டு கம்பெனியார் அங்கே டயர்களை மாற்றிக் கொடுத்தனர். 2000-த்தில் மலேயா, தாய்லாந்து, வெனிஸுவேலா நாடுகளிலும் அவ்வாறே செய்தனர். எங்கும் 'ரீகால்' என்ற சொல்லை மட்டும் உச்சரிக்கவில்லை. ஏன்? 1999 மார்ச்சு மாதத்து ஃபோர்டு குறிப்பொன்று பின்னர் வெளியாயிற்று. அமெரிக்காவிலும் இதே டயர் விற்பதால் வாஷிங்டன் இலாகாவுக்குத் தெரிவிக்க நேருமே என்று ஃபயர்ஸ்டோனின் வக்கீல்கள் தயங்கியதை அது காட்டுகிறது. அயல்நாட்டில் எடுக்கும் நடவடிக்கையை அறிவிக்க அப்போதைய சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அந்த ஓட்டை வழியே இரு கம்பெனியாரும் நுழைந்தனர். வக்கீல் தொழில் புரிவோர்க்கு இது வெட்கம் தரும் செய்தி.

கடும் வெயில், கரடுமுரடான பாதை, மணலில் ஓட்டக் காற்றைக் குறைக்கும் பழக்கம் என்று அவர்கள் சமாதானம் கூறினர். அரபு நாட்டான் ஓட்டத் தெரியாதவன் என்பது பொருள். அப்படியாயின் டெக்ஸஸ், அரிஸோனா, பிளாரிடா மாகாணங்களில் கோடைக்காலம் கிடையாதோ? அங்கேதான் அமெரிக்கரும் அதே விதமாக மாண்டுகொண்டிருந்தனர்!

அமெரிக்காவிலும் எச்சரித்தவர் இல்லாமலில்லை. 1998-லேயே ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பரிசோதகர், இத்தகைய 21 சம்பவங்களை இலாகாவுக்கு எழுதினார், கடிதம் உறங்கிற்று. 2000 பிப்ரவரியில் ஹூஸ்டன் நகரத்து டெலிவிஷன் நிலையம் ஒன்று விஷயத்தை வெளியிட்டபின் புகார்கள் குவிந்தன. மே மாதம் விசாரணை தொடங்கிற்று. ஆகஸ்டு 9-ந் தேதி 65 லக்ஷம் டயர்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இலாகாவின் கணக்கில் இறந்தோர் இறுதியில் 271 பேர். காயமுற்றோர் 800-க்கு மேல். இது அமெரிக்கக் கணக்கு மாத்திரம்.

பிறகு பழிபோடும் படலம். டயரே குற்றவாளி என்றது ஃபோர்டு. வண்டியே குற்றவாளி என்றது ஃபயர்ஸ்டோன். ஹென்ரி ஃபோர்டும் ஹார்வி ஃபயர்ஸ்டோனும் வளர்த்த ஏறக்குறைய நூறாண்டு உறவு 2001 மே மாதம் முறிந்தது. ஃபோர்டு மேலும் 1 கோடி 30 லக்ஷம் டயர்களை மாற்றுவதாக அறிவித்தது. நியாயமாகச் சொன்னால், டயர் பழுதுள்ளதென்று இலாகா 2001 அக்டோபரில் தீர்மானித்தது. வண்டியைத் தனியே விசாரிக்கும் கோரிக்கையை 2002 பிப்ரவரியில் நிராகரித்தது.

2000 நவம்பர் 1-ந் தேதி ஜனாதிபதி கிளிண்டன் கையொப்பமிட்ட புதுச்சட்டம் ஓட்டையை அடைத்தது. அயல்நாட்டில் ரீகால் செய்தால் 5 வேலைநாட்களுக்குள் வாஷிங்டனுக்கு அறிவிக்க வேண்டும். மரணமோ பெருங்காயமோ விளைத்த பழுதை மறைத்துச் சர்க்காரை ஏமாற்றுவோர்க்கு 15 வருஷம் வரை சிறை. ஆனால் உரிய காலத்தில் பொய்யைத் திருத்திக்கொண்டால் தண்டனையில்லை என்று பின்வாசலும் திறந்தே இருக்கிறது! சக்கரத்தில் காற்று குறைந்தால் ஓட்டுவோனுக்கு உணர்த்தும் கருவி புது வண்டிகளில் கட்டாயமானதும் இச்சட்டத்தால்தான்.

எக்ஸ்ப்ளோரர் வண்டியின் ரீகால் வரலாறு அத்தோடு நின்றுவிடவில்லை. வேகக் கட்டுப்பாட்டு ஸ்விட்சு தீப்பற்றும் என்று ஒரு முறை. பின்சக்கர இணைப்புக் கம்பி முறியும் என்று 2019-லும் 2021-லும். 2022-ல், பின்அச்சைத் தாங்கும் போல்ட்டு முறிந்து, நிறுத்திய வண்டி தானே உருளலாம் என்று 2020 முதல் 2022 வரையிலான மாடல்களில் சுமார் இரண்டரை லக்ஷம் வண்டிகள் அழைக்கப்பட்டன. கம்பெனியார் போல்ட்டைத் தொடவில்லை. கை பிரேக்கு தானே விழும்படி கணிப்பொறிக் கட்டளையை மாற்றி அனுப்பினர். வண்டிக்காரர்கள் முறையிட்டனர். 2023-ல் இலாகா, இது எப்படிப் பரிகாரமாகும் என்று விசாரணை தொடங்கிற்று. அவ்வருஷம் அக்டோபரில் அதே வண்டிகள் மறுபடி அழைக்கப்பட்டன. இம்முறை போல்ட்டையே மாற்றினர்.